வீடு தேடிப் போகும் மருந்தாளுநர் வேலையை விடாமலிருக்க எந்த ஏற்பாடு சரி?

மருந்தகம் நடத்துகிறவர்களிடம் அடிக்கடி கேட்கிற புலம்பல் ஒன்று உண்டு. நோயாளிகளின் வீட்டுக்கே போய் மருந்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு வருகிற சேவையை ஆசையாக ஆரம்பிக்கிறார்கள், கொஞ்ச காலம் நன்றாக ஓடுகிறது, அப்புறம் அந்த வேலையை நன்றாகச் செய்துகொண்டிருந்த ஆள்தான் முதலில் ராஜினாமா கடிதத்தை நீட்டுகிறார். சுமாராகச் செய்தவர் இருந்துவிடுகிறார். "வீடு வீடா அலையறது அவங்களுக்கு ஒத்துவரல" என்று முதலாளி முடிவுகட்டிவிட்டு அடுத்த ஆளைத் தேடுகிறார், அந்த ஆளும் அதே வழியில் போகிறார்.

நான் இரண்டு பக்கமும் இருந்திருக்கிறேன். பையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறியும் இருக்கிறேன், யார் என்றைக்குப் போவது என்று டூட்டி அட்டவணை போட்டும் இருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டு விசிட் யாரையும் விரட்டுவதில்லை, விசிட் முடிந்த பிறகு வந்து குவிகிற வேலைக்கு அட்டவணையில் இடமே ஒதுக்காததுதான் விரட்டுகிறது. ஆகவே எந்த ஏற்பாட்டை எடுத்தாலும், அந்தப் பின்வேலை யார் தலையில், எந்த நேரத்தில் விழுகிறது என்று பார்த்துவிட்டு எடுங்கள்.

பின்வேலை என்றால் என்ன என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. ஒரு சாதாரண விசிட்டையே எடுத்துக்கொள்வோம். வயதானவர், தனியாக இருக்கிறார், மேசை இழுப்பறையைத் திறந்தால் ரத்த அழுத்தத்துக்கான ஆம்லோடிபின் இரண்டு பெயர்களில் கிடக்கிறது, ஒன்று குடும்ப மருத்துவர் எழுதியது, இன்னொன்று இதய மருத்துவர் எழுதியது, இரண்டும் ஒரே மருந்து என்று தெரியாமல் இரண்டையும் போட்டுக்கொண்டிருக்கிறார். கால் வீங்கியிருக்கிறது. அந்த மருந்துக்கு அப்படி வீக்கம் வரும்தான், ஆனால் வீக்கத்தைப் பார்த்த மூன்றாவது மருத்துவர் நீர் பிரிய ஒரு மாத்திரையைச் சேர்த்துவிட்டார், அதனால் ராத்திரியில் பலமுறை எழுந்து போகிறார், போன வாரம் குளியலறை வாசலில் விழப் பார்த்தாராம். இவ்வளவையும் பேச்சுவாக்கில் வாங்குவதற்கு அரைமணி நேரம் போதும். அரைமணியில் முடியாதது மற்றதெல்லாம். குடும்ப மருத்துவருக்குப் போன் போட்டால் டாக்டர் வேறொரு நோயாளியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்கிறார்கள், இதய மருத்துவரின் உதவியாளர் "எழுதி அனுப்புங்க, பாக்கச் சொல்றேன்" என்கிறார், மகள் வெளியூரிலிருந்து கூப்பிட்டு முதலிலிருந்து கேட்கிறார், வீட்டுக்கு வருகிற செவிலியருக்குத் தகவல் சொல்ல வேண்டும், மாத்திரை டப்பாவைத் திரும்ப அடுக்க வேண்டும், பதிவேட்டில் எழுத வேண்டும், மாற்றம் நடந்ததா என்று இரண்டு நாள் கழித்துக் கேட்க வேண்டும். இதற்கிடையில் கவுன்டரில் வரிசை நிற்கிறது. மருத்துவர் திரும்பக் கூப்பிடுகிற நேரம் பார்த்து இவர் யாருக்கோ இன்சுலின் பேனாவை எப்படிப் பிடிப்பது என்று காட்டிக்கொண்டிருக்கிறார்.

வேலை அழுத்தத்தைப் பற்றி ராபர்ட் காரசெக் என்ற ஆய்வாளர் 1979இல் முன்வைத்த ஒரு கணக்கு இங்கே நன்றாகப் பொருந்துகிறது. வேலைப் பளு எவ்வளவு, அந்த வேலையை எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கிற உரிமை எவ்வளவு, இந்த இரண்டையும் சேர்த்துப் பார் என்றார் அவர். பளு கூடுதலாகவும் உரிமை குறைவாகவும் இருக்கிற வேலைதான் ஆளைத் தின்னும். பிறகு 1988இல் ஜான்சன், ஹால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள்: பக்கத்தில் துணைக்கு யாராவது இருக்கிறார்களா? கவுன்டர் வேலையில் உரிமை குறைவு, ஆனால் சந்தேகம் வந்தால் திரும்பிப் பார்த்துக் கேட்கப் பக்கத்திலேயே ஆள் உண்டு. வீட்டு விசிட்டில் நேர் எதிர். என்ன கேட்பது, எவ்வளவு நேரம் இருப்பது, எதை முதலில் சரிசெய்வது என்பதெல்லாம் போகிறவர் கையில்தான், ஆனால் துணைக்கு ஆள் கிடையாது. பலரும் இந்த வேலையை விரும்பி வருவது அந்த உரிமைக்காக. விட்டுப் போவது அந்தத் தனிமையால். நாம் போடுகிற ஏற்பாடு உரிமையைப் பிடுங்காமல் துணையைச் சேர்க்கிறதா, இல்லை இரண்டு வேலைகளின் மோசமான பாதிகளை மட்டும் சேர்த்துக் கட்டுகிறதா என்று பாருங்கள்.

முதல் ஏற்பாடு, பெரும்பாலானோர் யோசிக்காமலே போய் விழுவது. எல்லாரும் கவுன்டரில் இருப்பார்கள், கூட்டம் குறைந்ததும் யாராவது ஒருவர் கிளம்பிப் போய் விசிட்டை முடித்துவிட்டு வருவார். புதிதாக ஆள் எடுக்க வேண்டாம், எல்லாருக்கும் வேலை பழகும், ஒருவர் லீவு போட்டாலும் இன்னொருவர் போய்க்கொள்ளலாம். காகிதத்தில் பார்த்தால் குறையே இல்லை. நடைமுறையில், கூட்டம் குறைகிற நேரம் என்பது பெரும்பாலும் கற்பனை. உண்மையிலேயே குறைகிற நேரத்தில் சரக்கு வரும், கணக்கு பார்க்க வேண்டும், சாப்பிட வேண்டும். ஆக விசிட் போவது சாப்பாட்டு நேரத்தில், பதிவேடு எழுதுவது கடை மூடிய பிறகு.

இதில் இன்னொரு விஷமும் உண்டு, இது கொஞ்சம் மெதுவாக ஏறும். ஒருவர் வெளியே போனால் மற்றவர்களுக்கு வேலை கூடுகிறது, அவர்களுக்கு வெளியே நடப்பது தெரியாது, "நாம இங்க கெடந்து சாகறோம், அவங்க காத்தாடப் போய்ட்டு வர்றாங்க" என்கிற பேச்சு ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் வந்துவிடும். போனவர் குற்ற உணர்ச்சியோடு ஓடிவருகிறார், வந்ததும் நேராகக் கவுன்டருக்குப் போய் நிற்கிறார், அந்த ஆம்லோடிபின் விஷயம் மண்டைக்குள்ளேயே இருக்கிறது. நோயாளிக்கோ ஒவ்வொரு தடவையும் புதுமுகம். போன தடவை வந்தவர் எதைப் பாதியில் விட்டார் என்று இப்போது வந்தவருக்குத் தெரியாது. எல்லாருக்கும் பொதுவான வேலை என்று ஆக்கினால் கடைசியில் அதற்குப் பொறுப்பாளி யாரும் இருப்பதில்லை, மனசாட்சி உறுத்துகிற ஒருவர் மட்டும் தானாக எடுத்துச் சுமப்பார். முதலில் ராஜினாமா கொடுப்பது அவர்தான்.

ஜப்பானில் வீட்டு விசிட் வெகு பரவலாக நடக்கிறது, 2000இல் வந்த முதியோர் பராமரிப்புக் காப்பீட்டிலேயே மருந்தாளுநர் வீட்டுக்குப் போவதற்குக் கட்டணம் உண்டு. அங்கே சராசரியாக நாளொன்றுக்கு 40 மருந்துச்சீட்டுக்கு ஒரு மருந்தாளுநர் வேண்டும் என்று ஒரு விதி. ஒரு மருந்தாளுநர் வாரத்துக்கு 40 வீட்டு விசிட் வரைக்கும்தான் கணக்கு காட்டலாம் என்று இன்னொரு விதி. இரண்டுமே உச்சவரம்புகள். ஆனால் உச்சவரம்பு என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் சில முதலாளிகள் அதை இலக்காகப் படித்துவிடுவார்கள். கவுன்டரில் முழு நாள் நிற்கிற ஒருவர் அதில் பாதி விசிட்டுகளை மனிதத்தனமாகச் செய்ய முடியுமா என்று, பின்வேலையையும் சேர்த்து மணிக்கணக்கு போட்டுப் பாருங்கள், பதில் வந்துவிடும்.

இரண்டாவது ஏற்பாடு, விசிட்டுக்கென்றே ஒருவரை ஒதுக்கிவிடுவது. முதலாளிகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் எல்லாவற்றுக்கும் சொல்ல ஒரு பெயர் கிடைத்துவிடுகிறது. வேலையின் தரமும் இதில்தான் அதிகம் என்று நான் ஒப்புக்கொள்கிறேன். ஒரே முகம் திரும்பத் திரும்பப் போவதால் நோயாளி மனம்விட்டுப் பேசுகிறார், மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் யாரைக் கூப்பிடுவது என்று தெரிகிறது, கவுன்டர் குறுக்கிடுவதில்லை. ஆரம்ப மாதங்களில் அந்த ஆளைப் பார்த்தால் இதைவிட நல்ல வேலை உண்டா என்று தோன்றும்.

சிக்கல் பிறகு வருகிறது, வரும்போது ஒட்டுமொத்தமாக வருகிறது. அவர் இல்லாமல் எதுவும் நகராது என்கிற நிலை உருவாகிவிடும், லீவு போட முடியாது, போட்டாலும் போன் நிற்காது. எந்த வீட்டில் அழைப்பு மணி வேலை செய்யாது, யாருக்கு எழுத்து வாசிக்க வராது, எந்த மகனிடம் எதைச் சொல்லக்கூடாது என்பதெல்லாம் அவர் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. இத்தனைக்கும் மேலே மரணங்கள். வீட்டில் பார்க்கிற நோயாளிகளில் கணிசமானோர் வாழ்க்கையின் கடைசிக் கட்டத்தில் இருப்பவர்கள். கடும் வலிக்குத் தோலில் ஒட்டி, 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுகிற ஃபென்டனில் பேட்ச் வியர்வையில் உரிந்துவிட்டது, புதிதாக ஒட்டலாமா, வலி தாங்கவில்லை என்று ராத்திரி இரண்டு மணிக்கு மனைவி கூப்பிடுகிறார். சில நாள் கழித்து அதே மனைவி, மிச்சமிருந்த பேட்ச்களையும் மார்ஃபின் மாத்திரைகளையும் ஒரு உறையில் போட்டுத் திருப்பிக் கொடுக்க வருகிறார். எண்ணிப் பார்த்து, எழுதி, கையெழுத்து வாங்கி, அடுத்த விசிட்டுக்குக் கிளம்ப வேண்டும். மருத்துவமனையில் இப்படி ஒன்று நடந்தால் வார்டில் பேசிக்கொள்ள நாலு பேர் இருப்பார்கள். இங்கே திரும்பி வருகிற காரில் ஸ்டியரிங் மட்டும்தான்.

பதவி உயர்வு விஷயத்தையும் யாரும் யோசிப்பதில்லை. உழைப்புக்கும் பலனுக்கும் இடையே சமநிலை கெட்டால் உடம்பும் மனசும் கெடும் என்று ஜோஹன்னஸ் சீக்ரிஸ்ட் என்ற ஆய்வாளர் 1996இல் எழுதினார். பலன் என்று அவர் சொன்னதில் சம்பளம் ஒரு பகுதிதான், மதிப்பும் முன்னேற வாய்ப்பும் வேலைப் பாதுகாப்பும் அதில் அடக்கம். தனியாக விசிட்டுக்குப் போகிறவரை முதலாளி வாரத்தில் இரண்டு முறைகூடச் சரியாகப் பார்ப்பதில்லை. மேனேஜர் பதவி காலியானால் கண்முன்னே கவுன்டரில் நிற்கிறவர்தான் நினைவுக்கு வருகிறார். இவர் விட்டுப் போவார், போகும்போது அந்தச் சேவையே அவரோடு போய்விடும். இரண்டாவது ஏற்பாட்டின் முக்கியமான குறை அதுதான்: நன்றாக நடக்கிற வரை மிக நன்றாக நடக்கும், ஒரே நாளில் நின்றுவிடும்.

மூன்றாவது, இருவர் அல்லது மூவர் கொண்ட சின்னக் குழு. என் தேர்வு இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒருவர் முதல் பொறுப்பு, இன்னொருவர் இரண்டாம் பொறுப்பு. முதல் விசிட்டுக்கு இருவரும் சேர்ந்தே போவார்கள், அப்போதுதான் அந்த வீட்டாருக்கு இரண்டு முகமும் பழகும், பின்னால் ஒருவர் லீவு எடுத்தால் "யாரு நீங்க?" என்கிற கேள்வி வராது. இருவருமே கவுன்டரிலும் இருப்பார்கள், ஆனால் வாரத்தில் சில அரைநாட்கள் கவுன்டருக்கு அவர்கள் இல்லவே இல்லை. கூட்டம் வழிந்தாலும் கூப்பிடக்கூடாது. இந்த ஒரு விதியை முதலாளியே முதலில் மீறுவார், அதனால் எழுதி ஒட்டிவிடுவது நல்லது.

அரைநாளுக்குள் எத்தனை விசிட் என்பதைப் பயண நேரத்தை வைத்துக் கணக்கிட்டால் தப்பாகப் போகும். விசிட்டுக்குச் செலவாகிற நேரத்துக்குச் சமமான நேரம் பின்வேலைக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள், புது நோயாளி என்றால் இன்னும் கூட. கேட்டால் அதிகமாகத் தெரியும். நடைமுறையில் இதற்குக் குறைவாக ஒதுக்கிய இடங்களில் மிச்சவேலை வீட்டுக்குத்தான் போகிறது, ராத்திரி சாப்பிட்ட பிறகு லேப்டாப்பைத் திறக்கிறார்கள், அந்த மணிநேரங்கள் யார் கணக்கிலும் வருவதில்லை. அப்புறம், வாரத்துக்கு ஒருமுறை இருவரும் அரைமணி நேரம் உட்கார்ந்து எல்லா நோயாளிகளையும் ஒரு சுற்று பேசிவிட வேண்டும். மருந்தைப் பற்றி மட்டும் பேச வேண்டும் என்பதில்லை. யார் இறந்தார்கள், எந்த வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை, எந்த மருத்துவர் எரிந்து விழுந்தார் என்று கொட்டித் தீர்ப்பதும் அதில்தான். காரசெக் கணக்கில் காணாமல் போன துணையை இந்த அரைமணி கொண்டுவந்து சேர்க்கிறது.

குறை இல்லாமல் இல்லை. கவுன்டரில் ஆள்பலம் குறைகிறது, மாத்திரை அடுக்குவது, பொருள் கொண்டுபோய்க் கொடுப்பது, போனில் நேரம் வாங்குவது போன்றவற்றைச் செய்ய ஒரு உதவியாளர் வேண்டும். உதவியாளருக்குச் சம்பளம் கொடுக்க யோசிக்கிற முதலாளிகள், அதே வேலைகளைப் பட்டம் பெற்ற மருந்தாளுநரைக் கொண்டு செய்விக்கிறோமே என்பதை யோசிப்பதில்லை, விசித்திரம்தான். இரண்டு பேருக்குள் ஒத்துப்போகாவிட்டாலும் சிக்கல். கஷ்டமான வீடுகளை ஒருவர் நைசாக இன்னொருவர் பக்கம் தள்ளிவிடுவார், அல்லது ஒரு நோயாளி "அவங்களையே அனுப்புங்க" என்று அடம்பிடிப்பார். சில மாதங்களுக்கு ஒருமுறை நோயாளிப் பட்டியலைக் கலைத்துத் திரும்பப் பிரித்தால் இது ஓரளவு அடங்கும். எண்ணிக்கையைச் சமமாகப் பிரிக்காதீர்கள், பாரத்தைப் பார்த்துப் பிரியுங்கள். சாகும் தருவாயில் இருக்கிற ஒரு நோயாளி, நிலையாக இருக்கிற ஐந்து பேருக்குச் சமம்.

நான்காவது, வெளி ஆளை ஒப்பந்தத்தில் வைத்துக்கொள்வது. இதற்கு ஆஸ்திரேலியா நல்ல உதாரணம். அங்கே 2001 முதல் அரசுச் செலவில் வீட்டு மருந்து மதிப்பாய்வு நடக்கிறது. அதற்கென்று தனிப் பயிற்சியும் அங்கீகாரமும் பெற்ற மருந்தாளுநர்கள் உண்டு, 2011இல் மருத்துவர்கள் மருந்தகத்தை இடையில் வைக்காமல் நேரடியாக அவர்களுக்கே நோயாளியை அனுப்பலாம் என்றானது. எந்தக் கடையிலும் நிற்காமல் இதையே சொந்தத் தொழிலாகச் செய்கிறவர்கள் அப்படி உருவானார்கள். கவுன்டர் தொல்லை இல்லை, தன் நேரம் தன் கையில். கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? ஆனால் 2014இல் மாதத்துக்கு ஒருவர் 20 மதிப்பாய்வுக்கு மேல் கட்டணம் கோர முடியாது என்று வரம்பு வந்தது, இதையே நம்பியிருந்தவர்களின் வருமானம் ஒரே அறிவிப்பில் சுருங்கியது. 2020இல் அதை 30 வரை உயர்த்தினார்கள். பளுவைக் குறைத்த அதே வரம்பு பிழைப்பின் நிச்சயத்தைக் குலைத்தது, சீக்ரிஸ்ட் சொன்ன வேலைப் பாதுகாப்பு இல்லாத அழுத்தம் அது.

அந்த 2020 மாற்றத்தில் எனக்குப் பிடித்த விஷயம் வேறொன்று. முதல் விசிட்டோடு நிறுத்தாமல், அதற்குப் பிறகான தொடர் கவனிப்புக்கும் தனியாகக் கட்டணம் தர ஆரம்பித்தார்கள். ஒரு நாட்டின் கட்டணப் பட்டியலிலேயே பின்வேலைக்கு இடம் கிடைத்தது என்று எடுத்துக்கொள்கிறேன்.

மருந்தகம் நடத்துகிறவர் பார்வையில் நான்காவது ஏற்பாட்டின் கவர்ச்சி, அழுத்தம் கடையை விட்டு வெளியே போய்விடுகிறது என்பது. அது எங்கும் காணாமல் போய்விடவில்லை, இன்னொருவர் வீட்டில் போய் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். மருந்து கொடுக்கிற கை வேறு, போய்ப் பார்க்கிற கண் வேறு என்றானதும் அறிக்கை வரும், அதைப் படித்து மாத்திரை டப்பாவை மாற்றி அடுக்க யாரும் வரமாட்டார்கள். நோயாளிகள் மிகக் குறைவாக, அதுவும் தூரத்தூரமாகச் சிதறியிருந்தால் மட்டும் இதை எடுக்கலாம்.

எந்த ஏற்பாடாக இருந்தாலும் ராத்திரி போன் தனிப் பிரச்சினை, அதைத் தனியாகத்தான் தீர்க்க வேண்டும். போன் அடிக்காத ராத்திரியும் ஓய்வு ராத்திரி கிடையாது, இதை அனுபவித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, அடிக்குமோ என்று பாதித் தூக்கம்தான். ஒரே ஆளிடம் நிரந்தரமாக அந்தப் போனைக் கொடுத்துவைப்பது அவரை வெளியே அனுப்புவதற்கான நிச்சயமான வழி. பக்கத்திலுள்ள மருந்தகங்களோடு பேசி முறைவைத்துக் கொள்ளலாம். போட்டியாளர்கள் என்று பார்த்தால் நடக்காது, எல்லாருக்கும் ஆள் கிடைக்காத கஷ்டம் ஒன்றுதான் என்று பார்த்தால் நடக்கும். முறை மாற்றும்போது கடைசிக் கட்ட நோயாளிகளின் பட்டியலும் அவரவருக்கு என்ன மருந்து, எந்த அளவு என்பதும் போனோடு சேர்ந்து கைமாற வேண்டும், இல்லாவிட்டால் முறையில் இருப்பவர் பழைய ஆளைத்தான் எழுப்புவார். ராத்திரியில் உண்மையிலேயே எழுந்து போக நேர்ந்தால் மறுநாள் காலை டூட்டி கிடையாது என்பது எழுதப்பட்ட விதியாக இருக்க வேண்டும், "பாத்துக்கலாம், லேட்டா வாங்க" என்கிற வாய்ச்சொல் உதவாது.

பாதுகாப்பைப் பற்றி நம் துறையில் கூச்சப்பட்டே பேசுகிறோம். 2022 ஜனவரியில் ஜப்பானின் சைதாமா மாகாணத்தில், வீடு தேடிப் போய் வைத்தியம் பார்த்துவந்த ஒரு மருத்துவரை, இறந்துபோன நோயாளியின் மகனே துப்பாக்கியால் சுட்டுக் கொன்றார், கூடப் போன பிசியோதெரபிஸ்ட்டும் படுகாயமடைந்தார். அவ்வளவு தூரம் போகிற சம்பவம் அபூர்வம். அதற்குக் கீழ்ப்படியில் இருப்பவை அபூர்வமே இல்லை: கதவைச் சாத்திவிட்டுப் பேசுகிற உறவினர், கையைப் பிடிக்கிற நோயாளி, போதை, கட்டிப்போடாத நாய். பெண் மருந்தாளுநர்களிடம் தனியாகக் கேட்டுப் பாருங்கள், ஒவ்வொருவரிடமும் அப்படி ஒரு வீட்டின் கதை இருக்கும். எத்தனை மணிக்கு எந்த வீடு என்று ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும், வெளியே வந்ததும் ஒரு மெசேஜ் போட வேண்டும், வராவிட்டால் இங்கிருந்து கூப்பிட வேண்டும். இதையெல்லாம் விட முக்கியம், "அந்த வீட்டுக்கு இனி நான் தனியாகப் போகமாட்டேன்" என்று சொன்னால் காரணம் கேட்காமல் மாற்றித் தருவது. முதல் ஏற்பாட்டில் இதைக் கவனிக்க யாருக்கும் நேரமில்லை, இரண்டாவதில் மாற்றி அனுப்ப ஆளே இல்லை. மூன்றாவதில் இரண்டாம் பொறுப்பாளர் ஏற்கெனவே அந்த வீட்டைப் பார்த்தவர்.

"நீங்க உயிர்களைக் காப்பாத்துறீங்க" என்கிற உற்சாகப் பேச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. சம்பளத்துக்குப் பதிலாக இதைக் கொடுக்கிறவர்கள் அதிகம். இங்கிலாந்தில் ஹோமர் என்று ஒரு ஆய்வு நடந்தது, 2005இல் வெளிவந்தது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய 80 வயதுக்கு மேற்பட்ட 872 பேரில் ஒரு பாதியினரின் வீட்டுக்கு மருந்தாளுநர் இரண்டு முறை போய்ப் பார்த்தார், இன்னொரு பாதிக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். ஆறு மாதத்தில் மருந்தாளுநர் போன பக்கம் 234 முறை திரும்ப மருத்துவமனையில் சேர்ந்தார்கள், போகாத பக்கம் 178 முறை. எல்லாரும் எதிர்பார்த்ததற்கு நேர்மாறு. அதை வைத்து வீட்டு விசிட்டே வீண் என்று நான் சொல்ல வரவில்லை, யார் வீட்டுக்கு, என்ன அதிகாரத்தோடு, எத்தனை முறை போகிறோம் என்பதைப் பொறுத்துப் பலன் மாறும். ஆனால் ஒவ்வொரு விசிட்டும் ஒரு வெற்றி என்று நம்பவைத்து ஒருவரை அனுப்பினால், பலன் தெரியாத மாதங்களில் அவர் தன்னையே சந்தேகிக்க ஆரம்பிப்பார். அதைவிட, போன மாதம் நீங்கள் சொன்ன மாற்றங்களில் மருத்துவர்கள் எவற்றை ஏற்றார்கள், அந்தக் கால் வீக்கம் இப்போது எப்படி இருக்கிறது என்று திரும்பத் தகவல் வரச் செய்யுங்கள். சின்ன விஷயம், ஆனால் ஆளைத் தக்கவைப்பதில் போனஸுக்குச் சமம். போனஸும் கொடுங்கள், அது வேறு.

யார் கிளம்பத் தயாராகிறார் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஜப்பானில் 2015 டிசம்பர் முதல் 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடங்களில் ஆண்டுக்கொருமுறை மன அழுத்தச் சோதனை நடத்துவது கட்டாயமாக்கப்பட்டது. மூன்று நான்கு பேர் இருக்கிற மருந்தகம் அந்த வலையில் எங்கே விழும்? சின்ன இடங்களில் கண்ணால்தான் பார்க்க வேண்டும். வேலைச் சோர்வுக்கு உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில் மூன்று அடையாளங்கள் சொல்கிறது: சக்தி வற்றிப் போவது, வேலையிலிருந்து மனசு விலகிப் போவது அல்லது வெறுப்பாகிப் போவது, நம்மால் ஒன்றும் ஆகவில்லை என்கிற எண்ணம். மருந்தகத்தில் இவை எப்படித் தெரியும் என்றால், பக்கம் நிறைய எழுதிக்கொண்டிருந்தவரின் பதிவு "மாற்றமில்லை" என்று ஒரு சொல்லாகச் சுருங்கும். நோயாளியைப் பெயர் சொல்லிப் பேசியவர் "அந்த மூணாவது மாடி" என்று பேசத் தொடங்குவார். மருத்துவர் மறுத்தால் முன்பு வாதாடியவர், இப்போது சரி என்று போனை வைத்துவிடுவார். இது தெரிந்தபோதே பட்டியலிலிருந்து சில வீடுகளை எடுத்துவிடுங்கள், ராஜினாமா கடிதம் வந்த பிறகு சம்பளத்தைக் கூட்டிப் பேசுவதில் பயன் குறைவு.

ஆக, முடிவு உங்கள் கடையின் அளவைப் பொறுத்தது. நான்கு மருந்தாளுநர்களும் அதற்கு மேலும் இருந்தால் மூன்றாவது ஏற்பாட்டை விட்டு வேறெதையும் நான் யோசிக்கவே மாட்டேன். இரண்டு மூன்று பேர்தான் என்றால், பக்கத்து மருந்தகத்தோடு சேர்ந்து ஒரு ஜோடியை உருவாக்கப் பாருங்கள், முடியாவிட்டால் இரண்டாவது ஏற்பாட்டை எடுக்கலாம், ஆனால் அந்த ஒருவருக்கு மாற்று ஆளை முதல் நாளிலிருந்தே பழக்க வேண்டும், ராத்திரி போன் அவரிடம் மட்டும் இருக்கக்கூடாது. ஏற்கெனவே முதல் ஏற்பாட்டில் மாட்டிக்கொண்டு திணறுகிறவர்கள் ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை. நோயாளிகளைப் பெயர் போட்டுப் பிரித்துக் கொடுத்துவிட்டு, பின்வேலைக்கென்று வாரத்தில் ஒரு அரைநாளை முதலில் மூடுங்கள்.

கடையில் இருப்பதே ஒரு மருந்தாளுநர் என்றால், அவர் வெளியே போனால் மருந்து கொடுக்க ஆளில்லை, எனவே மேலே சொன்ன எதுவும் உங்களுக்கு அப்படியே பொருந்தாது. கடை திறக்கும் நேரத்தை வாரத்தில் ஒரு நாள் தள்ளிவைத்து, வாசலில் எழுதிப் போட்டு, அந்தக் காலைக்குள் எத்தனை வீடு பின்வேலையோடு சேர்த்து முடியுமோ அத்தனை நோயாளிகளை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். அடுத்தவர் கேட்டு வரும்போது, இப்போதைக்கு இடமில்லை என்று சொல்லி வேறு மருந்தகத்தின் எண்ணைக் கொடுங்கள்.